ஆமா என்றால் அம்மா

என் அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. அதில் 108 திவ்ய தேசங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, போய்வந்த ஊருக்கு எதிரே தேதி குறித்து வைத்திருக்கிறாள். பூமியில் இல்லாத திருப்பாற்கடலையும் பரமபதத்தையும் கழித்தால் மிச்சம் 106. இதில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று. நேபாளத்தில் இருக்கும் சாளக்கிராமம். வடக்கே முக்திநாத் என்றால்தான் தெரியும். 2019ல், தன் 67வது வயதில், "முழங்கால் ஒத்துழைக்கறப்பவே அதைப் பாத்துடணும்டா" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து போன் செய்தாள்.

டில்லியில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவனுக்கு நேபாளம் வெளிநாடாகவே தோன்றாது. விசா கிடையாது. பாஸ்போர்ட் கட்டாயமில்லை. இந்தி பேசினால் புரிந்துகொள்கிறார்கள். டில்லியிலிருந்து காத்மாண்டுக்குப் பறக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. திருச்சிக்குப் போவதைவிட சுலபம் என்று நானே அம்மாவிடம் சொன்னேன். சொன்ன வாய்க்கு விமான நிலையத்திலேயே முதல் அடி விழுந்தது.

கூட வருவதாக இருந்த என் தம்பி ஆதார் கார்டோடு வந்து நின்றான். விமானத்தில் நேபாளம் போகும் இந்தியர் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஆதார் செல்லாது. 15 வயதுக்குக் கீழே, 65 வயதுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் 2019 ஜனவரியில் விலக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் அம்மாவின் ஆதார் செல்லும், அவள் பெற்ற பிள்ளையின் ஆதார் செல்லாது. "பத்து விரல் ரேகையும் கொடுத்து வாங்கின கார்டு" என்று தம்பி வாதாடிப் பார்த்தான். நடக்கவில்லை. அம்மாவும் நானும் மட்டும் விமானம் ஏறினோம். இதை விவரமாகச் சொல்லக் காரணம், அன்றைக்கு அதே வரிசையில் எங்கள் கண்ணெதிரிலேயே இன்னும் இரண்டு குடும்பங்கள் இதே விஷயத்துக்காக நின்றுகொண்டிருந்தன.

காத்மாண்டுவில் இறங்கியதும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். அரை மணி வித்தியாசம் கேள்விப்பட்டிருக்கிறோம். இது என்ன கால் மணிக் கணக்கு என்று அம்மாவுக்கு ஆச்சரியம். ரசீதுகளில் 2076 என்று வருடம் போட்டிருந்தது அதைவிட ஆச்சரியம். அங்கே புழங்குவது விக்ரம சகாப்தம். பசுபதிநாதர் கோயிலில் பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து போனவர்கள் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாதி ஊர் வந்த மாதிரி ஆகிவிட்டது.

பணம்தான் கொஞ்சம் தலையைச் சுற்றும். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். 1993லிருந்து இந்த விகிதம் மாறவில்லை. கடைக்காரர்கள் பலரும் நம் பணத்தையே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் விலை கேட்டால் "ஐ.சி.யா, என்.சி.யா?" என்ற கேள்வியும் கூடவே வரும். இந்தியன் கரன்சி, நேபாளி கரன்சி. இதைக் கேட்காமல் டாக்ஸி ஏறினால் இறங்கும்போது சண்டைதான். 2018 டிசம்பரில் நேபாள அரசு நூறுக்கு மேற்பட்ட இந்தியத் தாள்களைத் தடை செய்திருந்ததால், நான் கட்டுக் கட்டாக நூறு ரூபாய்த் தாள் கொண்டுபோனேன். இந்த விதி சில வருடங்களுக்கு ஒரு முறை மாறுகிறது. கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. நூறு ரூபாய்த் தாளுக்கு மட்டும் என்றைக்கும் தொல்லை இல்லை. 2024லிருந்து நம் யு.பி.ஐ.யில் அங்கே பணம் கட்டும் வசதி வந்திருக்கிறது. ஆனால் மலை மேலே செல்போன் சிக்னலை நம்பி யாரும் பர்ஸைக் காலியாக எடுத்துப்போக வேண்டாம்.

இவையெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். பெரிய தப்பு ஏஜென்ட் கொடுத்த பயணத் திட்டத்தில் இருந்தது. அதை நான் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது கடைசி வரியில் இருந்த தொகையை. மூன்றாம் நாளுக்கு எதிரே ஒரே வரி: "பொக்காராவிலிருந்து ஜோம்சோம் விமானம், ஜீப்பில் முக்திநாத், இரவு தங்கல்." பொக்காரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர் உயரம். ஜோம்சோம் 2,700. முக்திநாத்துக்குக் கீழே ஜீப் நிற்கும் ராணிபௌவா என்ற சிற்றூர் 3,700. கிட்டத்தட்ட 2,900 மீட்டர் உயரத்தை ஒரே பகலில் ஏறி, அங்கேயே படுத்துத் தூங்குவது என்பது அந்த ஒரு வரிக்கு அர்த்தம். ஊட்டி 2,240 மீட்டர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் விஷயம் புரியும்.

பொக்காராவிலிருந்து பறக்கும் சின்ன விமானம் அன்னபூர்ணா, தவளகிரி மலைகளுக்கு நடுவே காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் நுழைந்து இருபது நிமிடத்தில் இறக்கிவிடுகிறது. காலையில் மட்டும்தான் பறக்கும். பகல் பதினொரு மணி வாக்கில் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும். பிறகு மறுநாள்தான். அன்று எங்களுக்கு வானம் தெளிவாக இருந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கைகூப்பியபடியே வந்தாள்.

ஜோம்சோமில் எங்களுக்கு வாய்த்த ஜீப் டிரைவர் இருபத்தைந்து வயது இளைஞர். "ஏறுங்கள், ஆமா" என்றார். அம்மா என்னைப் பார்த்து, "எதுக்கு ஆமாங்கறார்?" என்றாள். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. சொன்னதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. வழியெல்லாம் அவர் "ஆமா" என்பதும் இவள் "ஆமாம்" என்பதுமாக வந்தார்கள். காக்பேனி தாண்டியதும் பச்சை என்பதே இல்லாத மண் மலைகள். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டதை நான் களைப்பு என்று நினைத்தேன்.

ராணிபௌவா சேர்ந்தபோது மாலை நான்கு. கோயில் இன்னும் மேலே, அரை மணி நடை. மட்டக்குதிரையும் கிடைக்கும். காலையில் போகலாம் என்றேன். விடுதி வாசலிலிருந்து பார்த்தால் மேலே மரக்கூட்டமும் மதில் சுவரும் தெரிந்தன. அம்மா அதைப் பார்த்துச் சேவித்துவிட்டு வந்து படுத்தாள். தலைவலி என்றாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். விடுதிக்கார அம்மாள் பூண்டு சூப் கொண்டுவந்து, உயரத்துக்கு இது நல்லது என்றார். மலைப் பாதையில் எல்லோரும் சொல்லும் கைவைத்தியம் அது. மருத்துவ ஆதாரம் ஒன்றும் கிடையாது. அறுபத்தேழு வருடமாகப் பூண்டு தொடாத அம்மா, அந்த நிலையிலும் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வாந்தி. பதினொன்றுக்கு இன்னொரு முறை. பாத்ரூமுக்குப் போக எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். தம்பியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். தண்ணீர் கேட்கக் கீழே போனபோது டிரைவர் விழித்துக்கொண்டார். மேலே வந்து அம்மாவின் கையைப் பிடித்து, தரைப் பலகையின் கோட்டின் மேல் நாலடி நடக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அவர் என்னிடம் விவாதிக்கவில்லை. "காலை வரை வேண்டாம். இப்போதே கீழே" என்று சொல்லிவிட்டு சாவி எடுக்கப் போனார்.

அந்த இருட்டில், அந்தப் பாதையில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தும் தெரியாமலும் கீழே வந்தோம். பின் சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் டிரைவர் "ஆமா?" என்று குரல் கொடுப்பார். அம்மாவிடமிருந்து பதில் வர வேண்டும். வராவிட்டால் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார். பாதி வழிக்கு மேல் அவள் "ஆமாம், ஆமாம், இருக்கேன்" என்றாள். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

ஜோம்சோம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்கு அம்மா காபி இருக்குமா என்று கேட்டாள். டாக்டர் எனக்குப் பாடம் எடுத்தார். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. உடம்பு அதற்குப் பழக நாள் கணக்கில் அவகாசம் வேண்டும். தலைவலி, வாந்தி வந்தால் மேற்கொண்டு ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருப்பவர்களில் சிலர் விடியலைப் பார்ப்பதில்லை. இளவயதா, முதுமையா, தினமும் வாக்கிங் போகிறவரா என்பதெல்லாம் கணக்கே இல்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முக்திநாத்துக்குப் போகவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ இரண்டு இரவு தங்குங்கள், காலையில் ஜீப்பில் மேலே போய் தரிசனம் முடித்து அன்றைக்கே இறங்கிவிடுங்கள் என்றார். எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட, எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதுதான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கிறது. 3,000 மீட்டருக்கு மேலே போனால் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலையேறுகிறவர்களின் கணக்கு. டயமாக்ஸ் என்ற மாத்திரையைச் சிலருக்கு முன்னாலேயே கொடுப்பார்கள். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. அம்மா மறுபடி மேலே போகலாமா என்று கேட்டேன். இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மா அழவில்லை. மறுநாள், "நீ போய்ட்டு வா. ரெண்டு பேருமே பாக்காமத் திரும்பறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என்னைத் துரத்தினாள். போனேன். பின்புற மதிலில் 108 கோமுகங்களிலிருந்து பனி நீர் கொட்டுகிறது. ஒவ்வொன்றிலும் தலையைக் காட்டி ஓடி முடிப்பதற்குள் மண்டை மரத்துவிட்டது. உள்ளே ஸ்ரீதேவி பூதேவியோடு பெருமாள். பௌத்தர்களுக்கு அவரே அவலோகிதேஸ்வரர். சன்னிதியில் பௌத்தப் பெண் துறவி ஒருவர் இருந்தார். பெருமாளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. கொண்டுபோன பாட்டிலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் ஜோம்சோம் திரும்பிவிட்டேன்.

நான் திரும்பியபோது டிரைவர் வந்து காத்திருந்தார். அந்த இரவு ஆஸ்பத்திரி வாசலில் அவர் இரண்டாயிரம் என்று சொன்னது காதில் விழுந்தது. இருபது நூறு ரூபாய்த் தாள்களை எண்ணாத குறையாகக் கையில் திணித்திருந்தேன். அவர் கேட்டது என்.சி. நான் கொடுத்தது ஐ.சி. கணக்குப் போட்டு, 750 இந்திய ரூபாயை மடித்து எடுத்து வந்திருந்தார். வைத்துக்கொள்ளச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். கடைசியில் அம்மா கையால் கொடுத்தபோது நூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் நாளில் மேகம் மூடி விமானம் ரத்தானது. பொக்காராவுக்கு ஜீப்பில் பத்து மணி நேரம், பாதி தூரம் ரோடு என்று சொல்ல முடியாத ரோடு. காத்மாண்டுவிலிருந்து டில்லி விமானத்தைத் தவறவிட்டு மறுபடி டிக்கெட் வாங்கினோம். ஜோம்சோம் போகிறவர்கள் கடைசியில் இரண்டு நாளைச் சும்மா ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த இரண்டு நாள் ஓட்டல் செலவு, தவறவிட்ட டிக்கெட்டைவிடக் குறைவுதான்.

ஸ்ரீரங்கம் போனபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். சாளக்கிராமத்துக்கு எதிரே தேதி போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் "ராணிபௌவா வரை" என்று எழுதியிருந்தாள்.

2022ல் அவளுடைய கோஷ்டியில் நான்கு பேர் முக்திநாத் கிளம்பினார்கள். அம்மா போகவில்லை. ஆனால் ஏஜென்ட்டோடு போனில் பேசியது அவள்தான். அவர் ஏதோ டீலக்ஸ் ஓட்டல், சவுத் இந்தியன் சாப்பாடு என்று அடுக்கிக்கொண்டே போயிருக்க வேண்டும். அம்மா குறுக்கிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். மூணாம் நாள் ராத்திரி எங்க படுக்கறா? அதை மொதல்ல சொல்லுங்கோ" என்றாள்.