கிட்டாரும் கைப்பிடிக் கதிரையும்

போன கிழமை பத்தாம் தரத்தில் படிக்கும் ஒரு மாணவனின் உம்மா பாடசாலைக்கு வந்திருந்தார். "சேர், இவனுக்கு கிட்டார் சரிவராது போல. பத்து நிமிஷம் வாசிச்சா கை நோகுது எண்டு வெச்சிடுறான். வாப்பா வித்துப் போடச் சொல்றார்" என்றார். மாமா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்த கிட்டார் அது.

(இசை கூடுமா, கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து கமெண்டில் தொடங்க வேண்டாம். இன்று பேசுவது முதுகையும் மணிக்கட்டையும் பற்றி மட்டும்.)

அன்று பின்னேரமே நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். எங்கள் கணிதபாட நண்பரையும் சேர்த்துத்தான் "நாங்கள்". வாசிச்சுக் காட்டுங்க மகன் என்றோம். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வலப்பக்கக் கைப்பிடி கிட்டாரின் அடிப்பக்கத்தை இடித்து வெளியே தள்ளுகிறது. இடப்பக்கக் கைப்பிடி முழங்கையைக் கீழே இறங்க விடவில்லை. விரல் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, கிட்டாரைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி மல்லாத்தி வைத்திருக்கிறான். அப்படி வைத்தால் கம்பியை எட்டுவதற்கு இடது மணிக்கட்டு மடங்கத்தான் வேண்டும். தோள் காதுவரை ஏறியிருந்தது. பத்து நிமிடம் தாக்குப்பிடித்ததே பெரிய விசயம்.

எங்களுக்கு இது புதிதில்லை. ஆசிரியர் கலாசாலை விடுதியில் மூன்று பேருக்கு ஒரு கிட்டார் வைத்திருந்தோம். வாசிப்பதெல்லாம் நடுவில் குழி விழுந்த கட்டில் மெத்தையில். இடுப்பு கீழே போய் முழங்கால் மேலே நிற்கும், முதுகு தானாகக் கூனும். எங்கள் இருவருக்கும் முதுகு வலியோடு போனது. பதுளை நண்பனுக்கு மணிக்கட்டு நொந்தது. மூன்றில் நன்றாக வாசித்தவன் அவன்தான். "என்ட கைக்கு இது ஒத்துவராதுடா" என்று இரண்டாம் தவணையோடு விட்டுவிட்டான். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அவனுடைய பங்குக் காசைத் திருப்பிக் கொடுத்ததும் நாங்கள்தான்.

பிறகு பல வருடம் கழித்து, வேறொருவர் சொல்லித் தந்துதான் எங்களுக்கே விளங்கியது.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. குசினியிலிருந்து கைப்பிடி இல்லாத மரக்கதிரை ஒன்றை எடுத்து வந்து, சாயாமல் முன்பாதியில் இருக்கச் சொன்னோம். பாதம் இரண்டும் நிலத்தில். கிட்டாரின் ஒடுங்கிய வளைவு வலது தொடையில், பின்பலகை நெஞ்சோடு, முகம் நேரே முன்னால் பார்த்தபடி. கழுத்துப்பக்கம் தொங்காமல் கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும். வலது முன்னங்கையின் பாரம் பெட்டியின் மேல்விளிம்பில் விழுந்தால் அதுவே கிட்டாரைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இடது கையை முழுதாக எடுத்துவிடுங்கள். கிட்டார் அசையாமல் இருந்தால் சரி. கழுத்து கீழே விழுந்தால், இவ்வளவு நாளும் இடது கை சுமை தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். சுமக்கிற கை எப்படி வாசிக்கும்?

அவனுக்கு விழுந்தது. குனிந்தும் இருந்தான். கடந்தகால வினாத்தாள் கட்டு ஒன்றை நாலு அங்குல உயரத்துக்கு அடுக்கி வலது காலின் கீழ் வைத்தோம். கிட்டார் உயர்ந்தது, முதுகு நிமிர்ந்தது. (அந்த வினாத்தாள்கள் முதன்முதலாகப் பயன்பட்ட நாள் அது.) விரலைப் பார்க்க மல்லாத்தத் தேவையில்லை, கழுத்தின் மேல்விளிம்பில் சின்னப் புள்ளிகள் இருக்கின்றன, அதைப் பார் என்றோம். ஒரு வருடமாகக் கையில் வைத்திருந்தும் அவன் அந்தப் புள்ளிகளைக் கண்டதில்லை.

கால் உயர்த்துவது எங்கள் கண்டுபிடிப்பல்ல. ஸ்பெயினின் தாரெகா (1852–1909) காலத்திலிருந்து, செவ்வியல் கிட்டார்காரர்கள் இடது காலைச் சிறு பலகையில் உயர்த்தி, இடது தொடையில் வைத்து வாசிக்கிறார்கள். அவருக்கும் முன்னால் அகுவாடோ என்பவர் கிட்டாரைத் தாங்க மூன்று கால் தாங்கியே செய்வித்தார். எங்கள் உம்மாமாரும் தையல் மெஷினுக்கு முன்னால் தலையணையை மடித்துப் போட்டு உயரம் சரிபார்த்துத்தான் உட்காருகிறார்கள்.

நாங்கள் வகுப்பில் "நிமிர்ந்து இரு" என்று எத்தனை பிள்ளைகளை ஏசியிருப்போம். கதிரை அந்தப் பிள்ளைக்கு அளவா என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அவன் அன்று இருபது நிமிடம் வாசித்தான். அதற்கு மேல் வேண்டாம், எழும்பி நட என்று நாங்கள்தான் நிறுத்தினோம். விரல் நுனி எரிவது புதியவர்களுக்கு வழமை. மணிக்கட்டு நோவதும் விரல் விறைப்பதும் வழமையல்ல, அது தொடர்ந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். இதையும் உம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தோம். விற்கும் கதை இப்போதைக்கு இல்லை.

இரவு பதுளைக்கு கோல் எடுத்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்ப என்ட கையில பிழை இல்லையாடா?"

இந்த விடுமுறைக்கு வருகிறான். அந்த மரக்கதிரை மாதிரியே ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.