சங்கிலி பிடித்த கதை

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு மீட்டரும் ஹெக்டேரும்தான் பழக்கம். 66 அடிச் சங்கிலி, ஒரு சதுரச் சங்கிலிக்கு 10 சென்ட் என்பதெல்லாம் சர்வேயர் ஐயா சொல்லிக்கொடுத்தது.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம், ஒரு சாமைக் கொல்லையை அளக்கப் போனோம். ஆள் வராததால் கிளார்க்கான நானே சங்கிலி பிடித்தேன். சரிவோடு சரிவாகக் கிடத்திவிட்டதில் கணக்கில் நிலம் கூடிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

ஐயா திட்டவில்லை. சங்கிலியை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி மறுபடி அளந்தார். "தப்பை நீயே போய்ச் சொல்லு தம்பி" என்று என்னை ஊர்க்கவுண்டரிடம் அனுப்பினார். கவுண்டர் கேட்டுக்கொண்டு, சாமைச் சோறு போட்டார்.

பிறகு மலை நிலத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் இவர்கள் இருவரையும்தான் கேட்பேன். அந்த வேலையில் நான் நிலைத்தது அவர்களால்தான்.