சொந்தக் கைப்பேசியில் கம்பெனி விஷயம்

பங்குத் தரகர்கள் தம் தொழில் சம்பந்தமான கடிதப் போக்குவரத்தையெல்லாம் குறைந்தபட்சம் 3 ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைக்கவேண்டும் என்ற அமெரிக்க விதி, வாட்ஸ்அப் பிறப்பதற்குப் பல தசாப்தங்கள் முன்னரே ஏற்பட்டதாயினும், 2021 டிசம்பரில் அதே விதிதான் ஜே.பி. மார்கனின் தரகு ஸ்தாபனத்திடமிருந்து 12.5 கோடி டாலர் அபராதம் வாங்கிக் கொடுத்தது. ஊழியர்கள் சொந்தக் கைப்பேசிகளில் வியாபாரம் பேசியதும், அச்செய்திகள் சேமிக்கப்படாமற் போனதுமே குற்றம். விதியை அமல் செய்யவேண்டிய மேலதிகாரிகளே அவ்விதம் பேசியிருந்தார்கள் என்பது இதிலுள்ள வேடிக்கை! இதே குற்றத்துக்காக அடுத்த செப்டம்பரில் 16 ஸ்தாபனங்கள் சேர்ந்து 110 கோடி டாலருக்கு மேல் கட்டின.

என் மனத்தை உறுத்துவது அபராதமன்று. 'இன்று வீட்டுக்கு வரத் தாமதமாகும்' என்று மனைவிக்கு எழுதுகிற அந்தரங்கக் கருவிக்குள், தணிக்கையின் பெயரால் எஜமானர் எட்டிப் பார்ப்பது எந்த அளவுக்கு நியாயம்? அந்தக் கருவியின் செலவு யாரைச் சேர்ந்தது என்பது இன்னொரு கேள்வி: கலிபோர்னியாவில், வேலைக்காகச் சொந்தக் கைப்பேசியை உபயோகிக்கும்படி நேர்ந்தால் கட்டணத்தில் நியாயமான பங்கை முதலாளி தரவேண்டுமென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. வேலைக்கென்று தனிக் கைப்பேசியை ஸ்தாபனமே வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்; மேற்படி அபராதங்களைப் பார்க்கையில் அது சில்லறைச் செலவுதான்.