ஊசி சொல்வதைக் கேட்க வேண்டும்

பழைய லாரி திடீரென்று நின்றுபோவதில்லை. நிற்பதற்கு முன் பலமுறை சொல்லிப் பார்க்கிறது. அது சொல்வது ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டுகிறதா என்பதுதான் பிரச்சினை.

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோடு காயலை ஒட்டிய குறுகலான தெரு. எதிரே இன்னொரு லாரி வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டும். கிடங்குகளில் சரக்கு இறக்க முறைக்காகக் காத்திருந்து, அடி அடியாக நகரும்போது எஞ்சினுக்குக் காற்றோட்டம் கிடைப்பதில்லை. உண்மையான சோதனை திரும்பும் வழியில். தேனிப் பக்கம் போகும் லாரி கோட்டயம், முண்டக்கயம் தாண்டிக் குட்டிக்கானம் ஏற்றத்தில் லோடுடன் முனகிக்கொண்டு ஏறியாக வேண்டும். வலுவிழந்த ரேடியேட்டரும் தளர்ந்த ஃபேன் பெல்ட்டும் அங்கேதான் அம்பலமாகும்.

அந்த ஏற்றத்தில் ஒருமுறை எஞ்சின் சீஸ் ஆகி, மூன்று மாத வருமானத்தைப் பறிகொடுத்தவர் அந்த உரிமையாளர். லாரியை ஓட்டுவதும் அவரே. லாரிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. டாஷ்போர்டில் ஹீட் மீட்டரின் ஊசி எப்போதோ உறங்கிவிட்டது. மிச்சமிருந்தது ஒரு சிவப்பு விளக்கு மட்டும். ஆயில் பிரஷர் பெரும்பாலும் அரை கிலோ அளவுக்கு விழுந்த பிறகுதான் இந்த விளக்கு எரியும். அதற்குள் பேரிங் தட்ட ஆரம்பித்திருக்கும். விளக்கு நடந்து முடிந்ததைச் சொல்கிறது. மீட்டர் நடக்கப்போவதைச் சொல்கிறது. தனியாக மீட்டர் வைப்பது என்று அவர் முடிவெடுத்ததற்கு இதுதான் காரணம்.

கடையில் போய் நின்றால் குழப்பம் ஆரம்பம். மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கா? மெக்கானிக்கல் ஆயில் மீட்டரின் உள்ளே வளைந்த சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏற ஏறக் குழாய் நிமிரப் பார்க்கும், ஊசி நகரும். பிரான்ஸைச் சேர்ந்த யூஜீன் பூர்டோன் 1849-ல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. மின்சாரம் தேவையில்லை. ஆனால் எஞ்சின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக கேபினுக்குள் வருகிறது. தகரத்தில் உரசிக் குழாய் அறுந்தால் சூடான ஆயில் ஓட்டுநரின் காலில்தான் பீய்ச்சும். குழாய் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் விடவே கூடாது.

எலக்ட்ரிக் மீட்டரில் அந்தப் பயம் இல்லை. வேறு தொல்லை உண்டு. சென்சாரும் மீட்டரும் ஜோடியாக வாங்க வேண்டும்; ஒரு கம்பெனியின் சென்சாரை இன்னொன்றின் மீட்டரோடு இணைத்தால் ஊசி வாய்க்கு வந்ததைச் சொல்லும். லாரி 12 வோல்டா, 24 வோல்டா என்றும் பார்க்க வேண்டும். சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பை அதிகம் சுற்றினால் எர்த் கிடைக்காமல் போகலாம். மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றில் எர்த் முனைகள் துருப்பிடிப்பதும் சகஜம்.

"பழைய விளக்கைக் கழற்ற வேண்டாம் அண்ணாச்சி. ஒரு டீ ஜாயின்ட் போட்டு ரெண்டும் இருக்கட்டும்" என்றார் மெக்கானிக்.

"ஆம்ப் மீட்டரும் வெச்சிடலாமா சேட்டா?"

அது வேண்டாம் என்றானது. ஆம்ப் மீட்டருக்கு சார்ஜ் கரண்ட் முழுவதையும் கேபின் வரை கொண்டுவர வேண்டும். வயர் உரசினால் தீப்பிடிக்கும். வோல்ட் மீட்டர் மெல்லிய வயரிலும் சின்ன ஃபியூஸிலும் அடங்கிவிடும். 24 வோல்ட் லாரியில் எஞ்சின் ஓடும்போது 27, 28 காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம்.

ஹீட் மீட்டர் மெக்கானிக்கல் வகையே வாங்கினார்கள். அதன் செம்புக் குழாயை நீளம் அதிகம் என்று வெட்டக்கூடாது. வெட்டினால் உள்ளிருக்கும் திரவம் போய் மீட்டர் செத்துவிடும். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டவேண்டியதுதான். பொருத்துவதற்கு முன் டீக்கடையில் ஒரு பரீட்சை நடந்தது. கடல் மட்டத்தில் இருக்கும் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குமிழைக் கொதிநீரில் முக்கியதும் ஊசி 100-ல் போய் நின்றது. பாஸ்.

மூன்று மீட்டர்களையும் ஸ்டீயரிங் பக்கத்தில் வரிசையாக வைத்து, எல்லாம் சரியாக இருக்கும்போது ஊசிகள் நேர் மேலே நிற்கும்படி திருப்பிப் பொருத்தினார்கள். எண்களைப் படிக்க நேரமில்லாத வளைவிலும் எந்த ஊசி சாய்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஆனாலும் மீட்டரை முழுதாக நம்பிவிட முடியாது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால் குமிழைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது ஊசி கீழே இறங்கலாம். ஏற்றத்தில் சூடு திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படக் கூடாது, வண்டியை ஓரம்கட்ட வேண்டும்.

அதைவிடக் கஷ்டமான பாடம் ஒன்று உண்டு. மீட்டர் எச்சரிக்கும்; நிறுத்தாது. பி.எஸ்.-6 லாரிகளில் எஞ்சின் சக்தியைக் கம்ப்யூட்டரே குறைத்துவிட முடியும். பழைய லாரியில் அந்த முடிவு மனிதனுடையது. தக்காளி அழுகும், வியாபாரி போனில் சத்தம் போடுவார், தவணைத் தேதி நெருங்கும். ஊசி 100-ஐத் தாண்டும்போது இத்தனையையும் மீறி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பவருக்குத்தான் மீட்டர் வாங்கிய காசு திரும்பக் கிடைக்கும்.