போனவர்கள் எங்கே?

புற்றுநோயாளிகளோடு ஸ்கேன் அறை வாசலில் நாங்கள் அடிக்கடி காத்திருக்கிறோம். அந்த எம்.ஆர்.ஐ. கருவிக்குப் பின்னால் ஓர் ஆய்வகம் உண்டு. 1980 ஆகஸ்ட் 28 அன்று ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஜான் மல்லார்டின் குழு ஒரு நோயாளியை ஸ்கேன் செய்து, நெஞ்சில் புற்றுக்கட்டியைக் கண்டது. 2003இல் நோபல் வேறு இருவருக்குப் போனது. அபர்டீன் குழுவின் பில் எடல்ஸ்டீனோ அதற்குள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் பெயர் பெற்றிருந்தார்.

பரிசு இல்லாவிட்டாலும் அவருக்கு அடுத்த கதவு திறந்தது. அதைத் திறப்பது திறமை மட்டுமல்ல. கட்டுரையில் பெயர், பரிந்துரைக் கடிதம், தெரிந்தவர்கள். முதல் தலைமுறையாக ஆய்வகம் நுழையும் நம் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை.

ஆகவே தோழர்களே, சேரும் முன்பே கேளுங்கள்: இங்கிருந்து போனவர்கள் இன்று எங்கே? அவர்களில் நம்மவர் எத்தனை பேர்?