ஆங்கிலத்திலே பிறந்தவர்

ஆங்கிலம் கற்றவர் என்று நம்மை அழைக்கவில்லை. ஆங்கிலத்திலே பிறந்தவர் என்று அழைத்தனர்! சிங்கப்பூரிலே பிறந்து, தமிழும் ஆங்கிலமும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தவர் நாம். அந்தப் பிறப்பு ஒன்றே தகுதியாக, ஜப்பானியச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஓராண்டு விருந்தாளியாக இருந்தோம்.

துணை மொழியாசிரியர் என்பது பதவியின் பெயர். 1987-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தில், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து 848 பேர் முதலில் வந்தனர். இன்று பல நாட்டாரும் வருகின்றனர். பட்டம் வேண்டும், ஆசிரியப் பயிற்சி வேண்டுவதில்லை!

வேலை என்ன? ஆசிரியை கைகாட்டுவார், நாம் ஒரு வரி படிப்போம், வகுப்பு அதைத் திருப்பிச் சொல்லும். இசைத்தட்டு செய்யும் வேலை. இசைத்தட்டுக்குப் பசிக்காது, நமக்குப் பசித்தது என்பதே வேறுபாடு. அந்தப் பசியாலும் பயன் விளைந்தது. வகுப்பறையிலேயே பிள்ளைகள் பரிமாற, அவர்களோடு அமர்ந்து உண்டோம். பாடவேளையில் ஊமையாயிருந்த வாய்கள் அங்கே திக்கித் திக்கிப் பேசின. “உண்மையான ஆங்கிலேயர் எப்போது வருவார்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். பிறப்பும் போதவில்லை, நிறமும் வேண்டியிருந்தது!

ஆசிரியையோ இருபதாண்டு உழைத்து அம்மொழியைக் கற்றவர். எந்தச் சொல்லில் பிள்ளைகள் இடறுவர் என்பதை அவர் அறிவார். அங்கே தாமும் இடறி எழுந்தவரல்லவா? அவர் காரணம் சொல்வார். நாமோ, “அப்படித்தான் சொல்வது வழக்கம்” என்போம். எனினும் பள்ளிக்கு வந்த பெற்றோர் குனிந்து வணங்கியது நம்மை! பிறப்பால் உயர்வு என்னும் பித்தலாட்டம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

இவ்வளவுக்கும் அது தன் மொழியை விட்டுக்கொடுத்த நாடன்று. 1872-இல் மோரி அரினோரி என்னும் ஜப்பானியத் தூதர், கல்விக்கு ஆங்கிலத்தையே கொள்ளலாமா என்று அமெரிக்க மொழியறிஞர் விட்னியிடம் கேட்டார். வேண்டாம் என்றார், ஆங்கிலத்திலே பிறந்த அவ்வறிஞர்! நாம் நின்ற வகுப்புக்கு அடுத்த அறையில் அறிவியலும் கணக்கும் ஜப்பானிய மொழியிலேயே முழங்கின. பொறாமையோடு கேட்டோம்.

குளிர்காலத்தில் நமக்குத் தொண்டை கட்டிற்று. அன்று ஆசிரியையே உரக்கப் படித்தார், பிள்ளைகள் தொடர்ந்தனர். பின்வரிசையில் வாய் திறவாதிருந்த பையன் எழுந்து, ஆங்கிலத்திலே ஐயம் கேட்டான். நம்மிடமன்று, ஆசிரியையிடம்.