தைப்பிங் ஏரிக்கரையில் ஒரு மதில்

பேரா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தைப்பிங் என்றதும் மழையும் ஏரிப் பூங்காவும் நினைவுக்கு வரும். பள்ளி விடுமுறையில் தோட்டத்து லோரியில் பலகை போட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, புளிச்சாதமும் அவித்த முட்டையுமாக ஏரிக்கரைக்கும், 1961இல் தொடங்கிய விலங்குத் தோட்டத்துக்கும் போய்வந்த கதையை இன்றும் பெரியவர்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். சில குடும்பங்களுக்கு மட்டும் தைப்பிங்கைப் பற்றி இன்னொரு நினைவும் உண்டு. அதை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. பூங்காவுக்குப் பக்கத்திலேயே, உயர்ந்த மதிலோடு நிற்கிற சிறைச்சாலைதான் அது.

அண்மையில் இரண்டு நாள் அந்த ஊரில் தங்கியிருந்தேன். முன்போல் இல்லாமல் இப்போது மின்ரயில் வந்துவிட்டதால் பயணம் சிரமமில்லை. ரயிலை விட்டு இறங்கும்போதே வானம் கறுத்திருந்தது. மாலையில் எத்தனை மணிக்கு மழை பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவது இந்த ஊர்க்காரர்களின் பழைய பொழுதுபோக்கு என்பார்கள். நான் போன அன்று நாலரைக்குப் பிடித்தது. பந்தயம் கட்ட ஆள்தான் இல்லை.

தைப்பிங் என்றால் சீன மொழியில் பேரமைதி என்று பொருள். ஈயத்துக்காகச் சீனக் கூட்டத்தார் இருதரப்பாகப் பிரிந்து வெட்டிக்கொண்டு மடிந்த லாருட் மண்ணுக்கு, 1874இல் சண்டை ஓய்ந்த பிறகு வாய்த்த பெயர் அது. ஈயம் தோண்டிய பள்ளங்களைத்தான் 1880க்குப் பிறகு ஏரியாகவும் பூங்காவாகவும் மாற்றினார்கள். கரையோரம் நிற்கிற தூங்குமூஞ்சி மரங்களைப் பார்க்காமல் வருவது பாவம். சாலையின் ஒரு பக்கம் வேர் விட்டு, தலைக்கு மேலாகச் சாலையைக் கடந்து, மறுபக்கத்து ஏரித் தண்ணீரைக் கிளை நுனியால் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் நாட்டிலேயே மிகப் பழைய அரும்பொருளகம் வரும். 1883இல் தொடங்கியது. அதற்கு எதிர்ப்புறம் சிறைச்சாலை. அது 1879இல் கட்டியது. அரும்பொருளகத்துக்கு நான்கு வயது மூத்தது. இங்கிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு நாட்டின் முதல் ரயில் ஓடியது 1885இல்தான். ஊரை அமைத்த வெள்ளைக்காரர்கள் ரயிலுக்கு முன்பே சிறையைக் கட்டி முடித்துவிட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டே அந்த மதிலோரம் நடந்தேன்.

ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. பலூனும் தொப்பியுமாக ஒரு சாரார் ஏரிப்பக்கம் போகிறார்கள். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, இன்னொரு சாரார் மதில்பக்கம் போகிறார்கள். அப்படிப் போன ஒரு தாயாரைத்தான் மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையில் கண்டேன்.

வயது அறுபதுக்கு மேல். பையில் ஒரு சட்டை, ஒரு சிலுவார், புதுச் செருப்பு. மறுநாள் காலை மகன் வெளியே வருகிறான் என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, அவராகவே சொன்னார். புருசனும் பெண்சாதியுமாக முப்பது வருசம் கித்தா மரம் வெட்டியவர்கள். தோட்டம் விற்கப்பட்டபோது கிடைத்த தொகை கடனுக்கும் கருமாதிக்கும் போய்விட்டது. இப்போது மகள் வீட்டில், இரண்டு அறைப் பிளாட்டில் இருக்கிறார். மருமகன், மூன்று பிள்ளைகள், இவர்.

"போன வருசம் ஒரு ஆபீசர் வீட்டுக்கு வந்தாரு தம்பி. ஒங்க மகன முன்கூட்டியே விட்டா இங்க தங்க வச்சுக்குவீங்களான்னு கேட்டாரு. நான் மருமகப் பிள்ளை மொகத்தப் பாத்தேன். அவரு தரையப் பாத்தாரு. அவரயும் குத்தம் சொல்ல முடியாது, பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற வீடு. ஆபீசர் எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல."

அந்த அதிகாரி வந்தது எதற்காக என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் பரோல் முறை நடப்பில் இருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று, அதில் பாதியைக் கழித்தவர், எஞ்சிய காலத்தைப் பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே இருந்து கழிக்க வாரியம் அனுமதி தரலாம். எல்லாக் குற்றங்களுக்கும் இது கிடையாது. அனுமதி தருமுன் அதிகாரி விசாரிக்கிற விஷயங்களில் முக்கியமானது, இவர் வெளியே வந்தால் எங்கே தங்குவார், வீட்டார் ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான். குறித்த முகவரியில் தங்கவேண்டும், குறித்த நேரத்துக்குள் வீடு திரும்பவேண்டும், வேலை பார்க்கவேண்டும் என்பவையெல்லாம் பரோலின் நிபந்தனைகள். முகவரியே இல்லாதவருக்கு இவை எப்படிப் பொருந்தும்? நல்ல நடத்தைக்காகத் தண்டனையில் மூன்றிலொரு பங்கு கழிவதோடு சரி. அந்தத் தாயார் மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. மருமகன் தரையைப் பார்த்த அந்த ஒரு நிமிடத்துக்கு எத்தனை மாதக் கணக்கு என்று அவர் விரல் விட்டுச் சொன்னபோது எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அதை இப்போது சொர்க்கமாக வர்ணிக்க நான் தயாரில்லை. லயத்து வீடு துரைக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போச்சு. சிறைக்குப் போய்வந்தவன் பெயரைக் கிராணி செக்ரோலில் ஏற்றமாட்டார். குழாயடியில் அவன் கதை பத்து வருசத்துக்கு ஓடும். அவன் தங்கைக்கு வந்த வரன் திரும்பிப்போகும். ஆனாலும் அவன் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து மண்சாலையில் நடந்து வந்தால், போய்ச் சேருவதற்கு ஒரு கதவு இருந்தது. அப்பனோ அண்ணனோ செக்ரோலில் இருக்கும் வரையில் அந்த வீட்டு வாசல் திண்ணையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வான். மூன்றாம் நாள் காண்டிராக்டரிடம் புல் வெட்டப் போவான். அங்கே யாரும் பழைய கதை கேட்கமாட்டார்கள். ஆடிப் பூசைக்கு விறகு பிளக்கக் கூப்பிடுவார்கள். கேலி பேசிய அதே வாய்கள், அவன் சாப்பிட்டானா என்றும் கேட்டன.

இன்று திரும்பி வருகிறவனுக்குப் போன இடமே தெரியாமல் ஊர் மாறியிருக்கிறது. நான்கு வருடம் உள்ளே இருந்தவன், லயம் இருந்த இடத்தில் மாடி வீட்டு விளம்பரப் பலகையைப் பார்க்கிறான். தோட்டத்துக் கோயில் மட்டும் தனியே நிற்கிறது, அதுவும் எத்தனை நாளைக்கோ. சொந்தபந்தம் சுங்கைப் பட்டாணிக்கும் கிள்ளானுக்கும் பிரிந்து போய்விட்டது.

அந்தத் தாயார் எழுந்து போகும்போது ஒரு லோரிக்காரரைப் பற்றிச் சொன்னார். "அவரு கொங்சியில எடம் இருக்காம், கூட்டிக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காரு. அவரும் உள்ள இருந்து வந்தவர்தானாம்." கமுந்திங்கைத் தாண்டி வடக்கே போகவேண்டும் என்று அடையாளம் சொன்னார். மறுநாள் பசியாறிவிட்டு நண்பருடைய மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

வழியெல்லாம் செம்பனை. ஒரு காலத்தில் ரப்பர் மரங்களினூடே வெயில் கோடு கோடாக விழும். செம்பனையில் அந்த அழகில்லை, இருட்டுத்தான். இரண்டு இடத்தில் மேற்கூரை போன லயங்களைப் பார்த்தேன். லோரிக்காரர் சிறு தோட்டக்காரர்களிடம் குத்தகை பேசிப் பழக்குலை வெட்டி ஏற்றும் வேலை செய்கிறார். ஐம்பதை எட்டிய வயது. பேரை எழுதவேண்டாம் என்றார், எழுதவில்லை. பலகைச் சுவரும் தகரக் கூரையுமான கொங்சியில் நான்கு அறை, வெளியே ஒரு சமையல் கொட்டகை, பக்கத்தில் வாழை.

அந்தத் தாயாரின் மகன் அன்று காலையே வந்து சேர்ந்திருந்தான். புதுச்சட்டையில் மடிப்பு கலையாமல் விசுப்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தாயார் சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், யாரும் கேட்காமலே.

லோரிக்காரர் என்னிடம் தள்ளிப்போய்ப் பேசினார். "பாருங்க, கதவு சாத்தியிருந்தா அவன் தொறக்கமாட்டான். அப்படியே நிப்பான். அத்தனை வருசம் கதவ வேற ஆளு தொறந்துதான பழக்கம். தண்ணி குடிக்கவும் கேப்பான். ஒரு மாசம் அப்படித்தான் இருக்கும். நாம சிரிச்சிடக் கூடாது."

அவர் செய்கிற காரியங்கள் பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் அனுபவப்பட்டவர் என்பதால் எது எங்கே இடறும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். முதல் மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கையில் கொடுப்பதில்லை, வாரக் கணக்காகப் பிரித்துக் கொடுக்கிறார், சாப்பாடு கொங்சியிலேயே. வந்த வாரமே தேசியப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப்போய் அடையாள அட்டையைச் சரிசெய்து கொடுக்கிறார். மோட்டார் சைக்கிளைத் தொட விடுவதில்லை. இது ஏனென்று எனக்குப் புரியவில்லை. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி மூன்றாண்டு தாண்டினால் புதுப்பிக்க முடியாது, மறுபடியும் பரீட்சை எழுதி முதலிலிருந்து எடுக்கவேண்டும். உள்ளே நாலு வருசம் இருந்தவன் அது தெரியாமல் கடைக்குப் போக வண்டியை எடுப்பான், சாலைத் தடுப்பில் மாட்டுவான், பழைய ஆள் என்று தெரிந்ததும் பேச்சு வேறு விதமாகப் போகும் என்றார்.

போதைப்பொருள் உட்கொண்ட வழக்கில் வந்தவர்கள் என்றால் இன்னும் ஒரு தொல்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டவர், தண்டனை முடிந்ததும் இரண்டு முதல் மூன்றாண்டு வரை அதிகாரியின் கண்காணிப்பில் இருக்கவேண்டும். குறித்த நாளில் ஏ.ஏ.டி.கே. அலுவலகத்துக்குப் போய் முகம் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்கவேண்டும். தவறினால் அதுவே தனிக் குற்றம். மருந்தைக் கையால் தொடாதவன்கூட, பஸ் இல்லை, முதலாளி லீவு தரவில்லை என்று இரண்டு தடவை போகாமல் இருந்து, மறுபடி கோர்ட்டில் நிற்பது உண்டு. லோரிக்காரர் கொங்சிச் சுவரில் நாட்காட்டி ஒன்று மாட்டி, அந்த நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார். அன்று லோரி எந்தப் பக்கம் போனாலும் முதலில் அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டுத்தான் போகும். அந்த அரை நாள் கூலியையும் அவர் பிடிப்பதில்லை.

"நஷ்டம் இல்லையா அண்ணே?" என்று கேட்டேன்.

"குலை வெட்ட ஆள் எங்க கெடைக்குது? இவங்க தங்குனா எனக்கு லாபம். சும்மா தருமம் பண்றேன்னு எழுதிடாதீங்க" என்றார். இரண்டு பேர் ஏமாற்றிவிட்டுப் போனதையும் மறைக்காமல் சொன்னார். ஒருவன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனான். இன்னொருவன் பழைய கூட்டாளிகள் வந்து கூப்பிட்டதும் போய்விட்டான். இப்போது மறுபடி உள்ளே. அவனுக்குத் தீபாவளிக்கு இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

வீட்டார் என்ன செய்யவேண்டும் என்று கேட்டதற்குச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, உள்ளே எப்படி இருந்தது என்று கேட்கவேண்டாம், அவனாகச் சொன்னால் காது கொடுங்கள் என்றார். பிள்ளைகளிடம் மாமா வெளியூர் போயிருந்தார் என்று பொய் சொல்லவேண்டாம், பள்ளிக்கூடத்தில் எவனாவது சொல்லிவிடுவான் என்றார். வீட்டில் தங்க வைக்க முடியாவிட்டால் முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்காவது கூப்பிடுங்கள் என்றார். தரையைப் பார்த்த மருமகன் என் நினைவுக்கு வந்தார். அவரிடம் யாராவது இப்படி ஒரு நடுவழி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நிமிர்ந்து பார்த்திருப்பார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கருவாட்டுக் குழம்பு, கீரை, அப்பளம். மகன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தாயார் வாங்கிக்கொண்டார். லோரிக்காரர் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து, முகவரி எழுதும் இடத்தில் கொங்சியின் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதி அவனிடம் கொடுத்தார். ஏற்கெனவே மூன்று பேருடைய அடையாள அட்டையில் அந்த விலாசம் இருக்கிறது. சாயங்காலம் கமுந்திங்குக்குப் போய்ப் பழைய கட்டில் ஒன்று பார்க்கவேண்டும், அதுவரை பாயில் படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மழை பிடிப்பதற்குள் ஒரு நடை குலை ஏற்றிவிடலாம் என்று லோரியை எடுத்தார்.